ரிங்குக்குக் கீழே இரண்டு பேர்

திண்டிவனம் ஸ்டேஷனுக்குச் சாயங்கால பாசஞ்சர் சரியான நேரத்துக்கு வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பிருந்து நான் அந்த ஊர் முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். வீடு விழுப்புரத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில். காலையில் ரயிலில் வந்து, கோர்ட் முடிந்ததும் ஸ்டேஷனுக்கு நடந்து, வண்டி வரும்வரை பெஞ்சில் காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பு எனக்கு ஒருநாளும் கசந்ததில்லை. மயிலத்திலிருந்து வந்துபோகும் ஒரு டிரில் மாஸ்டர்தான் அதற்குக் காரணம்.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். திண்டிவனத்தில் ஒரு ஹைஸ்கூலில் வேலை. முதன்முதலில் அவரைப் பார்த்தபோது ரயில் பெட்டியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பெரிய தோல் பந்தை வைத்துக்கொண்டு, காற்று எங்கே கசிகிறது என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே இருந்த வியாபாரி ஃபுட்பாலா என்று கேட்டார். நான் இடையில் புகுந்து, இல்லை, பாஸ்கட் பால் என்றேன். டிரில் மாஸ்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தப் பந்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் அப்போது பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

நான் மெட்ராஸில் இரண்டு வருஷம் இன்டர்மீடியட் படித்தவன். காலேஜ் டீமில் எக்ஸ்ட்ரா. ஆடுகளத்துக்குள் நான் நின்ற நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒரு மணி இருக்காது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. அன்று கிடைத்தார்.

எங்கள் சண்டை ஒரு பேப்பர் செய்தியில் ஆரம்பித்தது. மெட்ராஸ் காலேஜ்களுக்குள் நடந்த போட்டியில் அவருடைய மாமா மகன் ஆடிய டீம் ஜெயித்திருந்தது. மாமா மயிலத்துக்குப் பக்கத்தில் நிலபுலனோடு இருந்த விவசாயி. மகன் ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். டீமில் அவன்தான் சென்டர், ரிங்குக்குக் கீழே நிற்கிற ஆள். டிரில் மாஸ்டர் அந்த இரண்டு வரிச் செய்தியை எனக்கு மூன்று முறை படித்துக்காட்டினார். தோற்ற டீம் எது என்று பார்த்தேன். அதன் சென்டரை எனக்குத் தெரியும். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை என்ற ஊர்ப் பையன். விழுப்புரம் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவன். நிலமில்லாத கூலிக் குடும்பம், கிறிஸ்தவர்கள். ஒரு பாதிரியார் அவனைப் படிக்க வைத்து மெட்ராஸுக்கும் அனுப்பினார். பள்ளிக்கூடத்திலேயே வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்துதான் வகுப்புக்குள் வருவான். ஒல்லி. நின்ற இடத்திலிருந்தே எம்பினால் அவன் கை எங்கே போகிறது என்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.

தோற்றது டீம்தான், எங்கள் காணைக்காரன் இல்லை என்றேன். அவ்வளவுதான். அன்று பிடித்தது, இரண்டு வருஷம் விடவில்லை.

ரிங்குக்குக் கீழே இந்த இரண்டு பேரையும் நேருக்கு நேர் விட்டால் யார் கை ஓங்கும்? கேள்வி இது ஒன்றுதான். மயிலத்துக்காரனை அசைக்க முடியாது என்பார் டிரில் மாஸ்டர். முதுகைக் கொடுத்து நின்றுவிட்டால் பின்னால் இருப்பவன் எவ்வளவு உயரமாக இருந்தும் பிரயோஜனமில்லை, பந்து தரைக்கு வந்துதானே ஆக வேண்டும். தரைக்கு வருவதற்கு முன்பே எங்கள் ஆள் எடுத்துவிடுவான் என்பேன் நான். ஸ்டேஷன் பெஞ்சில் வறுத்த மல்லாட்டையை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது, பத்துக் காயாகப் பரப்பி டீம் பிரிப்போம். பெரிய காய் இரண்டும் சென்டர்கள். அவர் என் சென்டரை நகர்த்துவார், அது ஃபவுல் என்பேன், ஃபவுல் இல்லை என்று சட்டம் சொல்வார். வண்டி வந்ததும் இரண்டு டீமையும் தின்றுவிட்டு ஏறுவோம். போர்ட்டர் ஒருவர் தினமும் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, கடைசியில் யார் கூடையில் அதிகம் விழுந்தது என்று மட்டும் விசாரித்துக்கொண்டு போவார்.

என் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுபோய் இரண்டு சென்டர்களுக்கும் நடுவில் மேலே போடுவார்கள். எம்பித் தட்டுகிறவன் பக்கம் பந்து. அப்படியானால் ஆட்டம் முழுக்கப் பந்து காணைக்காரனிடம்தான் என்பேன். டிரில் மாஸ்டரிடம் இதற்குப் பதில் கிடையாது. ஒருநாள் காலையில் மயிலத்தில் வண்டி நின்றதும் ஜன்னல் வழியாகவே ஒரு சின்னப் புத்தகத்தை என் மடியில் போட்டார். புதுச் சட்டப் புத்தகம். கோலுக்குப் பிறகு நடுவட்டத்துக்குப் போக வேண்டியதில்லை, கோல் வாங்கிய டீமே ஓரத்திலிருந்து பந்தை உள்ளே போடலாம் என்று மாற்றிவிட்டார்கள். அவர் ஏறி உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அத்தனை சந்தோஷம். அன்று கோர்ட்டில் நான் எழுதிய நகலில் இரண்டு இடத்தில் தப்பு.

மெட்ராஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்துவிடும். ஆனால் ஆட்டங்கள் வார நாட்களில் நடக்கும். எங்கள் இருவருக்கும் லீவு கிடைக்காது. பேப்பரில் யார் ஜெயித்தார்கள் என்பதுதான் வரும், யார் யாரை ரிங்குக்குக் கீழே தடுத்தார்கள் என்பதை எவன் எழுதுகிறான்? ஒரு வருஷம் அவன் டீம், மறு வருஷம் இவன் டீம். எதுவும் முடிவாகவில்லை.

அதனால் டிரில் மாஸ்டருக்கு அந்த யோசனை வந்தது. கோடை லீவில் இருவரும் ஊருக்கு வருவார்கள். அவருடைய பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டிருந்தார். ரிங், ஒரு கொல்லரிடம் சொல்லி வண்டிச் சக்கரத்துப் பட்டையை வளைத்துச் செய்தது. அங்கே ஒரு ஆட்டம் வைத்துவிடுவது. திண்டிவனம் பக்கத்து ஆட்களோடு மயிலத்துக்காரன். விழுப்புரம் ரயில்வேப் பையன்களோடு காணைக்காரன். அவர் ரெஃப்ரி, நான் ஸ்கோர் எழுதுகிறவன். உங்கள் சொந்தக்காரன் ஆடும்போது நீங்கள் விசில் ஊதினால் எப்படி என்றேன். விசில் கையில் இருக்கும்போது எனக்குச் சொந்தம் கிடையாது என்றார்.

காணைக்காரனைக் கூப்பிட நான் சைக்கிளில் போனேன். ஊருக்கு வெளியே சேரியில் அவன் தெருவை விசாரித்துப் போனால் வீட்டில் யாரும் இல்லை. கரும்பாலைக்குப் போயிருக்கிறார்கள் என்றார்கள். தூரத்திலேயே வெல்லப்பாகு வாசனை வந்தது. ஆலைக்குப் பக்கத்தில் கரும்புக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக ஆட்கள் வந்தார்கள். எல்லார் தலைக்கும் மேலே ஒரு கட்டு மட்டும் தனியாக உயரத்தில் ஆடிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தே அவன் என்று தெரிந்தது.

கட்டை இறக்கிவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்கண்ணே" என்றான். கைகளில் கரும்புச் சோகை அறுத்த கோடு கோடாகக் காயம். இரண்டு வருஷமாக அந்தக் கைகளின் நீளத்தைப் பற்றித்தான் பேசியிருந்தேன். லீவு நாளில் அவை என்ன செய்கின்றன என்று ஒருநாளும் நினைத்ததில்லை. விஷயத்தைச் சொன்னேன். ஆலை ஓடுகிற நேரம், ஒரு நாள் வராமல் இருக்க ஆலைக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும், கேட்டுப் பார்க்கிறேன் என்றான். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"அவங்க வூட்டு ஜனங்க பாக்க வருவாங்களாண்ணே?"

வருவார்கள் என்றேன். அவன் ஆலையைத் திரும்பிப் பார்த்தான். "மெட்ராஸ்ல நாங்க ரெண்டு பேரும் நல்லா மோதிக்குவோம். இங்க எப்படின்னு தெரியல" என்றான். அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியாதவன் மாதிரி, ஆட்டம்தானே என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

வந்துவிட்டான். அவன் ஆட்கள் யாரும் வரவில்லை, தனியாகத்தான் என்னோடு ரயிலில் வந்தான். மைதானத்தில் நல்ல கூட்டம். டிரில் மாஸ்டரின் மாமா வண்டி கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேரோடு வந்திருந்தார். பள்ளிக்கூடத்து நாற்காலிகளை ரிங்குக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மயிலத்துக்காரனை அன்றுதான் முதலில் பார்த்தேன். டிரில் மாஸ்டர் ஒன்றும் மிகைப்படுத்தவில்லை. காணைக்காரனைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையை ஆட்டினான். இவன் பதிலுக்குத் தலையை மட்டும் அசைத்தான்.

நடுவட்டத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். டிரில் மாஸ்டர் பந்தை மேலே போட்டார். காணைக்காரன் எம்பினான், ஆனால் பாதிதான் எம்பினான். பந்து அந்தப் பக்கம் போயிற்று.

முதல் பாதி முழுக்க அப்படியே. மயிலத்துக்காரன் உள்ளே வந்தால் இவன் ஒரு அடி ஒதுங்கி வழிவிட்டான். போர்டில் பட்டு வரும் பந்துக்கு இவன் கை போகும், அவன் உடம்பு பக்கத்தில் வந்ததும் கை திரும்பிவிடும். ஒருமுறை பந்து வெளியே போனபோது, "நீங்க எடுங்க" என்று அவனுக்கு விட்டுக்கொடுத்தான். பதினாலுக்கு ஐந்து என்று நான் எழுதினேன். நாற்காலிகளில் இருந்தவர்களுக்குத் திருப்தி. டிரில் மாஸ்டருக்கு இல்லை. இடைவேளையில் என்னிடம் வந்து, ஸ்கோர் புத்தகத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்து, "நீங்க சொன்ன ஆளு இவன் இல்ல சார்" என்றார். ஜெயித்த குரலில் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மயிலத்துக்காரன் எங்களைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனான். காணைக்காரன் தனியாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மயிலத்துக்காரன் போய் அவன் முன்னால் நின்றான். குரலைத் தாழ்த்தவில்லை.

"இன்னா, என்னை வச்சிக் கூத்து காட்றியா? மெட்ராஸ்ல வாடா போடான்னுதானே கூப்பிடுவே. இங்க வந்து இன்னா வாங்க போங்க? ஒழுங்கா ஆடறதா இருந்தா ஆடு. இல்லன்னா நான் ஆடல, வூட்டுக்குப் போறேன்."

காணைக்காரன் நாற்காலிகள் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு எழுந்து வேட்டியை உருவிப்போட்டு, அரை டிராயரோடு களத்துக்கு வந்தான். முதல் பாதியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் ஆடியிருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் பாதியை எப்படிச் சொல்வது? நாங்கள் மல்லாட்டைக் காய்களை நகர்த்திய இரண்டு வருஷத்தில் ஒருநாளும் எங்களுக்குத் தோன்றாதவையெல்லாம் நடந்தன. மயிலத்துக்காரன் அவ்வளவு பெரிய உடம்போடு பந்தைப் பூப்போல ரிங்குக்குள் வைத்தான். காணைக்காரன் எம்புவதில் மட்டும் இல்லை, நிற்பதிலும் கெட்டி. தோளோடு தோள் கொடுத்து நகராமல் நின்றான். ஒருவன் போட்டால் மறுநிமிஷம் மற்றவன் போட்டான். ரயில்வேப் பையன்கள் பந்தை அவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பதினெட்டுக்குப் பதினைந்து. இருபதுக்குப் பத்தொன்பது.

பந்து போர்டில் பட்டு மேலே எழும்பியது. இருவரும் அதற்குத் தாவப்போகும்போது மயிலத்துக்காரன் இவன் இடுப்பில் கையைக் கொடுத்து அழுத்தினான். ரெஃப்ரி கண்ணில் படாமல் செய்கிற வேலை. காணைக்காரன் ஆட்டத்தின் வேகத்தில் தன்னை மறந்துவிட்டான்.

"கைய எடுடா!"

மைதானம் முழுக்கக் கேட்டது. நாற்காலியில் இருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். மாமா எழவில்லை, ஆனால் அவர் முகம் இறுகிவிட்டது. காணைக்காரன் நின்ற இடத்திலேயே நின்றான்.

டிரில் மாஸ்டர் விசிலை ஊதினார். மெதுவாக நடந்து வந்து, மயிலத்துக்காரனைக் காட்டி, இடுப்பைப் பிடித்தது ஃபவுல் என்றார். மாமாவுக்கு முன்னால், அவர் மகன் மேல். மயிலத்துக்காரன் கையைத் தூக்கி ஒத்துக்கொண்டான். "ஆமா, புடிச்சேன்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் பந்தை எடுத்துக் காணைக்காரன் கையில் கொடுத்தான். நின்றிருந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார்கள். ஃபவுலுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவை அவன் போட்டான், உள்ளே விழவில்லை. பிறகு ஆளுக்கொரு கோல். இருபத்திரண்டுக்கு இருபத்தொன்று. ஒரு பாயிண்டில் விழுப்புரம் தோற்றது.

அன்று ரயிலில் நாங்கள் நான்கு பேர். மாமா, தன் மகனுக்காகக் காத்திராமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அதனால் மயிலத்துக்காரனும் எங்களோடு வந்தான். அவனும் காணைக்காரனும் எதிரெதிரே முட்டி இடிக்க உட்கார்ந்து, மெட்ராஸில் யாரோ ஒரு ரெஃப்ரியைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். தினமும் காலையில் கடற்கரையோரம் ஒரு மைதானத்தில் இருவரும் சேர்ந்துதான் பழகுவார்களாம். நாங்கள் இரண்டு வருஷமாக எதிரிகளாக நிறுத்தி வைத்த ஆட்கள். நானும் டிரில் மாஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காலேஜ் திறந்தபோது மயிலத்துக்காரன் மெட்ராஸுக்குப் போகவில்லை. படித்தது போதும், நிலத்தைப் பார் என்று மாமா சொல்லிவிட்டார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அதற்கு அவசியமும் இல்லை. டிரில் மாஸ்டர் இதை எனக்கு ஒரு காலை வண்டியில் சொன்னார்.

"நாமதான் சார் அவன் படிப்பக் கெடுத்தோம்."

அதற்குப் பிறகு பல மாதங்கள் பெஞ்சில் மல்லாட்டையைச் சும்மா தின்றோம். கோர்ட், பள்ளிக்கூடம், யுத்தச் செய்தி, இவற்றைத்தான் பேசினோம். போர்ட்டர் ஒன்றிரண்டு நாள் வந்து நின்று பார்த்துவிட்டு, பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

யுத்தம் முற்றிய நேரம். ஒருநாள் காலையில் விழுப்புரம் ஜங்ஷனில் பட்டாளத்து ஸ்பெஷல் ரயில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. காக்கிச் சட்டைகளுக்கு நடுவில் ஒரு தலை மட்டும் மேலே தெரிந்தது. காணைக்காரன். பி.ஏ. முடிக்காமலே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். எங்கே போகிறான் என்று அவனுக்கே தெரியாது. முதலில் மயிலத்துக்காரனைப் பற்றித்தான் கேட்டான். சொன்னேன். வண்டி புறப்படுகிற நேரம், என் வாய் சும்மா இருக்கவில்லை. நிஜமாகச் சொல், உங்கள் இரண்டு பேரில் யார் என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. கணக்குப் போடுகிறவன் மாதிரி யோசித்தான்.

"மொதல் பத்து நிமிஷம் அவன்தாண்ணே. ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கப்புறம் அவனுக்கு மூச்சு வாங்கும். அப்ப நான்."

வண்டி நகர்ந்துவிட்டது. நான் என் பாசஞ்சரைப் பிடித்து மயிலத்தில் டிரில் மாஸ்டர் ஏறியதும் சொன்னேன். அவர் திண்டிவனத்தில் இறங்கும்போது, அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு ஆட்டத்தையே முடித்துவிடலாம் தெரியுமா என்றார். நான் பதில் சொன்னேன். மாதக்கணக்கில் விட்டுப்போன சண்டை, ஸ்டேஷன் வாசலில் நின்று அரை மணி நேரம் போட்டோம். அன்று நான் கோர்ட்டுக்குத் தாமதம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் இதை மாமா மகனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவன் மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கிறவர்களோடு நின்றிருந்தானாம். கேட்டுவிட்டு, "பத்து நிமிஷமா? பதினஞ்சுன்னு சொல்லு அவங்கிட்ட" என்றானாம். பிறகு காணைக்காரன் விலாசம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். அன்று ஜங்ஷனில் எனக்கு அதை வாங்கத் தோன்றவில்லை. யார் பெரியவன் என்று கேட்கத் தோன்றிய எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் காணைக்கு சைக்கிளை எடுத்தேன். அவன் அப்பா வீட்டில் இருந்தார். அன்று ஒரு நாள் மகன் ஆலையை விட்டுப் போனதற்காக அந்தக் கோடை முழுக்கத் தங்கள் இருவரையும் ஆலைப் பக்கம் சேர்க்கவில்லை என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், குறையாக இல்லை. பட்டாளத்திலிருந்து வந்த ஒரு கடுதாசியை கூரை ஓலைச் செருகலிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாதிரியார் ஒருமுறை படித்துக் காட்டினாராம், நானும் ஒருமுறை படிக்க வேண்டும் என்றார். படித்தேன். கேம்ப்பில் சாப்பாடு பரவாயில்லை, சாயங்காலம் பாஸ்கட் பால் உண்டு, அங்கேயும் என்னைத்தான் நடுவில் நிறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தான். விலாசத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் கேட்டார்.

"அன்னிக்குத் திண்டிவனத்துல எம்மவன் கெலிச்சானாங்க? கேட்டா சிரிக்கறான், சொல்ல மாட்டேங்கறான்."

இல்லைங்க, ஒரு பாயிண்டில் தோற்றது என்றேன்.

"ஒண்ணுதானா" என்றார் அவர். கடுதாசியை மடித்து மறுபடியும் ஓலையில் செருகினார்.